கையெழுத்து இல்லாத பேச்சுவார்த்தை

எங்கள் குடும்பத்தில் மூன்று பேர் மாதச் சம்பளக்காரர்கள். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். தம்பி மாநகரப் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டர். நான் வடசென்னையில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பாவின் சம்பளத்தையும் தம்பியின் சம்பளத்தையும் தொழிற்சங்கமும் நிர்வாகமும் எதிரெதிரே உட்கார்ந்து பேசி, கையெழுத்துப் போட்டு முடிவு செய்தார்கள். என் சம்பளம் அரசாணையாக வந்தது. கூடியபோதும் அப்படித்தான், சலுகைகளை வெட்டியபோதும் அப்படித்தான்.

நாட்டின் பெரிய துறைமுகங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இருதரப்பு ஊதியப் பேச்சுவார்த்தைக் குழு என்று ஒன்று இருக்கிறது. 2024 ஆகஸ்டில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்துவிட்ட பிறகும், முந்தைய நாள் உடன்பாடு வந்தது, வேலை நிற்கவில்லை. அப்பா காலத்திலும் வழக்கம் இதுதான். புது ஒப்பந்தம் வரும் வருஷத்தில் தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு முழுக்க அந்தப் பேச்சாக இருக்கும். சங்கம் என்ன கேட்டது, நிர்வாகம் எதற்கு இறங்கி வந்தது, எதற்கு மறுத்தது, நிலுவைத் தொகை எத்தனை தவணையில் வரும் என்று, அதிகம் படிக்காத அப்பா வரிசையாகச் சொல்வார். தன் சம்பளம் எப்படி முடிவானது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எம்.ஏ., பி.எட். படித்த எனக்கு என் சம்பளத்தைப் பற்றி அப்படிச் சொல்லத் தெரியாது. நிதித்துறையில் யார், எந்தக் கணக்கை வைத்து, எதற்காக அந்த எண்ணை எழுதினார்கள் என்று எங்களிடம் யாரும் சொன்னதில்லை.

தம்பியின் கதை இன்னும் கிட்டத்தில் நடப்பது. 2022 ஆகஸ்டில் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு 14-ஆவது ஊதிய ஒப்பந்தம் போட்டார்கள். 5 சதவீத உயர்வு. பஸ்காரர்கள் இதை ‘12(3) ஒப்பந்தம்’ என்பார்கள். 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டத்தின் 12(3) பிரிவின்படி, தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னிலையில் போடப்பட்ட ஒப்பந்தம் அது. போட்டுவிட்டால் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். சங்கத்தில் சேராத தொழிலாளிக்கும் பொருந்தும். அந்த 5 சதவீதம் போதாது என்று தம்பிக்குக் கோபம் உண்டு. ஓய்வு பெற்றவர்களின் நிறுத்தி வைத்த அகவிலைப்படிக்காக 2024 ஜனவரியில் பஸ் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்ததையும் அவன் சொல்வான். ஆனாலும் ஒரு தடவை என்னிடம் கேட்டான்: “அக்கா, எங்களுக்குக் கேட்டது முழுசா கிடைக்கல, சரி. ஆனா கையெழுத்துப் போட்ட பேப்பர் இருக்கு. கோர்ட்டுக்குப் போனா அதைக் காட்டலாம். உங்ககிட்ட என்ன இருக்கு?”

எங்களிடம் சங்கங்கள் உண்டு. ஒன்றிரண்டு இல்லை, எண்ணி முடியாத அளவுக்கு. ஜாக்டோ-ஜியோ, டிட்டோஜாக் என்று கூட்டமைப்புகளும் உண்டு. மறியல், தற்செயல் விடுப்புப் போராட்டம், உண்ணாவிரதம் என்று நாள் குறித்தால் அமைச்சர்கள் கூப்பிட்டுப் பேசுவார்கள். ‘முதல்வரின் கவனத்துக்குக் கொண்டு செல்கிறோம்’ என்பதோடு கூட்டம் முடியும். வெளியே வந்து பேட்டி கொடுப்பார்கள். அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான். நல்ல காலமாக இருந்தால் சட்டமன்றத்தில் 110-ஆவது விதியின் கீழ் ஓர் அறிவிப்பு வரும். அந்த விதியின் கீழ் முதல்வர் அறிவிப்பது விவாதத்துக்குக்கூட உட்படாது. அறிவிப்புக்கு அரசாணை வருமா, எப்போது வரும், வரும்போது எந்த நிபந்தனையோடு வரும் என்பதற்கு ஒரு பிடிமானமும் இல்லை. அரசு எங்களோடு உட்கார்ந்தே ஆக வேண்டும் என்றோ, உட்கார்ந்து ஒப்புக்கொண்டதைச் செய்தே ஆக வேண்டும் என்றோ எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கூட்டுப் பேர உரிமை, அதாவது சங்கமும் அரசும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போடும் உரிமை, சட்டமாக வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான். அந்த மேசை இல்லாததால்தான் எங்கள் ஒவ்வொரு கோரிக்கையும் தெருவில் ஆரம்பித்துத் தெருவிலேயே முடிகிறது. அப்படித் தெருவுக்கு வருவதையும் குற்றம் என்கிறார்கள்.

இதை வடசென்னையில் உட்கார்ந்து எழுதும்போது எனக்குக் கூடுதல் ஆதங்கம் வருகிறது. கூட்டாகப் பேரம் பேசலாம் என்பதை இந்த நாடு கற்றுக்கொண்ட இடங்களில் முக்கியமானது இந்தப் பகுதி. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் வேலை செய்தவர்களின் சங்கம். செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முன்கை எடுத்தார்கள், பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். அந்தத் திரு.வி.க. அதற்குச் சற்று முன்பு வரை ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியர். எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் இதைச் சொன்னால் புதிதாக வந்த ஆசிரியர்களின் முகம் மலர்ந்துவிடும். நம்மில் ஒருவர்தான் ஆலை வாசலில் போய் நின்றிருக்கிறார் என்று தெரிவதில் ஒரு தெம்பு இருக்கிறது.

1920 கடைசியில் ஆலையை நிர்வாகம் கதவடைத்தது. சங்கத் தலைவர்கள் தொழிலாளர்களைத் தூண்டி நஷ்டம் உண்டாக்கினார்கள் என்று வாடியா முதலானவர்கள் மேல் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. நீதிமன்றம் தடையாணை கொடுத்தது. கடைசியில் வாடியா சங்கத்தை விட்டு விலகுவது என்ற சமரசத்தில் அது முடிந்தது. சங்கம் நடத்துவதே நஷ்ட ஈட்டு வழக்குக்கு இடம் கொடுக்கும் என்றால் யாரால் சங்கம் நடத்த முடியும்? என்.எம். ஜோஷி 1921-இல் மத்திய சட்டசபையில் தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கேட்டார். 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அதே 1921-இல்தான் அந்த ஆலைகளின் இன்னொரு நீண்ட வேலைநிறுத்தம், புளியந்தோப்புக் கலவரம், துப்பாக்கிச் சூடு எல்லாம். தொழிலாளர்கள் சாதியாகப் பிளந்து ஒருவர் குடிசையை ஒருவர் கொளுத்தும் அளவுக்குப் போனது. அந்தக் காயத்தைச் சொல்லாமல் பெருமையை மட்டும் சொல்வது இந்தப் பகுதி மக்களுக்குச் செய்யும் நியாயமாகாது.

ஆலை 1996-இல் மூடியது. ஆனால் வடசென்னையில் எண்ணூர் தொழிற்சாலைகளிலிருந்து பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை வரைக்கும் ஒப்பந்தம், கோரிக்கைப் பட்டியல், சங்கத் தேர்தல் எல்லாம் வீட்டுப் பேச்சு. எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் பலர் அந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள்தான். அவர்களின் அப்பாக்களுக்கு இருந்த உரிமை அவர்களுக்குப் பாடம் நடத்திய எங்களுக்கு இல்லை.

ஏன் இல்லை என்பதற்குச் சட்டத்தில் இரண்டு கதவுகள் சாத்தியிருக்கின்றன.

முதலாவது, தொழில் தகராறுகள் சட்டத்தின்படி ஆசிரியர் ‘தொழிலாளி’ அல்ல என்பது. பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களும் ‘தொழில்’ என்ற வரையறைக்குள் வரும் என்றது. அப்படியானால் ஆசிரியரும் உள்ளே வந்துவிடுவாரா? 1988-இல் அதற்குப் பதில் வந்தது. கோவாவில் ஒரு தனியார் பள்ளி ஆசிரியையான சுந்தராம்பாள் தன்னை வேலையை விட்டு அனுப்பியதை எதிர்த்து வழக்காடியிருந்தார். பள்ளி தொழில்தான், ஆனால் ஆசிரியர் அந்தச் சட்டம் சொல்லும் தொழிலாளி இல்லை என்றது நீதிமன்றம். கற்பித்தல் உடலுழைப்பும் இல்லை, எழுத்தர் வேலையும் இல்லை, அது ஓர் உன்னதப் பணி. இடையில் கொஞ்சம் எழுத்து வேலை இருந்தாலும் அது துணை வேலைதான் என்பது தீர்ப்பின் வாதம். ஆசிரியர்களுக்குத் தனியாகப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவரலாம் என்ற யோசனையையும் அதே தீர்ப்பு சொன்னது. உன்னதம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் அந்த வேலையை நேசித்துச் செய்தவள். ஆனால் உன்னதமான வேலை செய்கிறவர் தன் கூலியைப் பற்றியும் வேலை நிலைமையைப் பற்றியும் பேசக்கூடாது என்பது எப்படிச் சரியாகும்? இன்றைக்கு ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியரின் நாளைப் போய்ப் பாருங்கள். மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் இணையதளத்தில் வருகைப் பதிவு, உதவித்தொகை விவரம், ஆதார் திருத்தம், இலவசப் பொருள் கணக்கு, வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலை. கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிரக் கல்வி சாராத வேலைக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்கிறது. தேர்தல் என்ற அந்த ஒரு வாசல் வழியாக எத்தனை மாத வேலை உள்ளே வருகிறது என்பது 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்துக்காக வீடு வீடாகப் போனவர்களைக் கேட்டால் தெரியும்.

இரண்டாவது கதவு, அரசு ஊழியர் நடத்தை விதிகள். 1973-ஆம் ஆண்டு தமிழ்நாடு விதிகளில் 22-ஆவது விதி வேலைநிறுத்தத்தைத் தடை செய்கிறது. 2003 வரைக்கும் அது புத்தகத்தில் இருந்த விதி. அந்த வருஷம் ஜூலையில் அதன் முழுக் கனத்தையும் நாங்கள் பார்த்தோம்.

ஈட்டிய விடுப்புச் சரண், ஓய்வூதியப் பலன்கள் என்று ஒவ்வொன்றாக வெட்டியதை எதிர்த்துத்தான் அந்த வேலைநிறுத்தம். ஜூலை தொடக்கத்தில் ஆரம்பித்தது. அத்தியாவசியப் பணிகளில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் எஸ்மா சட்டத்தை அவசரச் சட்டத்தால் திருத்தி, விசாரணையே இல்லாமல் ஏறத்தாழ 1 லட்சத்து 70 ஆயிரம் அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் வேலையை விட்டு நீக்கினார்கள். அதில் நானும் ஒருத்தி. பையன் அப்போது எட்டாவது, பெண் ஐந்தாவது. வீட்டு வாடகை, அப்பாவின் மருந்துச் செலவு எல்லாம் என் சம்பளத்தை நம்பி இருந்தன. பால்காரருக்கு என்ன சொல்வது என்று என் வீட்டுக்காரர் யோசித்துக்கொண்டிருந்தார். அப்பா மட்டும் கலங்கவில்லை. “எல்லாரையும் அனுப்பிட்டா ஸ்கூலை யார் நடத்துவா? கூப்பிடுவாங்க பொறு” என்றார்.

கூப்பிட்டார்கள். ஆனால் எப்படிக் கூப்பிட்டார்கள்? டி.கே. ரங்கராஜன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது அது. பெரும்பாலானவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள அரசு ஒப்புக்கொண்டது. நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்க வேண்டும், இனி 22-ஆவது விதியை மீற மாட்டேன் என்று உறுதிமொழி எழுதித் தர வேண்டும். எழுதிக் கொடுத்தோம். எல்லார் காகிதத்திலும் ஒரே வாசகம். என்னோடு வேலை பார்த்த ஒரு மூத்த ஆசிரியை, எங்களுக்கெல்லாம் இலக்கணச் சந்தேகம் தீர்த்துவைப்பவர், கையெழுத்துப் போட்டுவிட்டு யாரோடும் பேசாமல் வகுப்புக்குப் போய்விட்டார். அடுத்த வருஷம் மக்களவைத் தேர்தல் முடிவுகள் வந்த கையோடு அரசே அந்த நடவடிக்கைகளை விலக்கிக்கொண்டது. ஆனால் வெட்டிய சலுகைகளைப் பற்றி எங்களைக் கேட்டீர்களா என்ற மூலக் கேள்விக்கு அன்றைக்கும் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை.

இன்னொரு விஷயம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் என்று முடிவு செய்த நிதித்துறை அரசாணை 259-உம் அதே 2003 ஆகஸ்ட் 6 தேதியிட்டது. 2003 ஏப்ரல் 1 முதல் வேலைக்கு வந்தவர்களின் சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்தம், பழைய ஓய்வூதியம் கிடையாது. ஒரு தலைமுறையின் முதுமையை மாற்றிய முடிவு அது. அதைப் பற்றி அந்தத் தலைமுறையோடோ அவர்களுடைய சங்கங்களோடோ பேரம் நடக்கவில்லை. 2026 ஜனவரியில் கடைசி ஊதியத்தில் பாதியை உறுதி செய்யும் புதிய ஓய்வூதியத் திட்டத்தை முதல்வர் அறிவித்தார். அதுவும் காலவரையற்ற வேலைநிறுத்தத்துக்கு நாள் நெருங்கியபோது வந்த அறிவிப்புதான். நடுவில் 2016, 2017, 2019 என்று போராட்டங்கள். 2019 ஜனவரிப் போராட்டத்தின்போது மாதம் 10,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர்களை எடுக்க அரசு உத்தரவிட்டது. பலர் கைதானார்கள், ஒழுங்கு நடவடிக்கைக்கான 17பி மெமோ வாங்கினார்கள், சஸ்பெண்ட் ஆனார்கள். அத்தனையும் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது, ஒரு பொருளைப் பேசி முடிக்க. மேசை இருந்திருந்தால் இரண்டு மூன்று ஒப்பந்த காலத்தில் ஏதோ ஒரு நடுவழிக்கு வந்திருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

என்னிடம் படித்த ஒரு பெண் இப்போது வியாசர்பாடிப் பக்கம் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. பாடத்தில் கெட்டி. ஆசிரியர் தகுதித் தேர்வு வந்த புதிதில், லட்சக்கணக்கானவர்கள் தோற்றபோது தேறி வந்தவள். அவள் சம்பளத்தைப் பற்றிப் பேசும்போதுதான் 3,170 ரூபாயின் கதை எனக்கு முழுதாகப் புரிந்தது. 2009 மே 31-க்குள் வேலைக்குச் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு ஆறாவது ஊதியக் குழுவின்படி அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். ஜூன் 1 அன்றோ அதற்குப் பிறகோ சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய். அதே படிப்பு, அதே வகுப்பு, அதே பாடப் புத்தகம். ஆரம்பத்தில் 3,170-ஆக இருந்த வித்தியாசம், அகவிலைப்படி அடிப்படையின் மேல் கணக்காவதால் வருஷத்துக்கு வருஷம் பெருத்துக்கொண்டே போகிறது. ஏறத்தாழ 20,000 பேர் இப்படி. ஒரே பள்ளியில், பக்கத்துப் பக்கத்து வகுப்பில், ஒருவர் பழைய கணக்கு, ஒருவர் புதுக் கணக்கு.

இவர்கள் 2018 டிசம்பரில் நுங்கம்பாக்கம் டி.பி.ஐ. வளாகத்தில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2022 டிசம்பர் கடைசியில் மறுபடி. 2023 ஜனவரி 1 அன்று மூன்று பேர் குழு போடுவதாக அறிவிப்பு வந்து எழுந்தார்கள். அதே வருஷம் செப்டம்பர், அக்டோபரில் மறுபடி உட்கார, போலீஸ் அப்புறப்படுத்தியது. 2025 டிசம்பர் கடைசியிலும் சாலைக்கு வந்தார்கள். கைக்குழந்தையோடு வந்த ஆசிரியைகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய்க் கல்யாண மண்டபங்களில் வைப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்: “மிஸ், குழு போட்டாங்க சரி. அந்தக் குழு என்ன சொல்லணும், எந்தத் தேதிக்குள்ள சொல்லணும், சொல்லலன்னா நாங்க எங்க போகணும்னு எதாவது எழுதியிருக்கா?” எழுதியிருக்கவில்லை. அந்த மாதிரிக் குழுவில் நிதித்துறைச் செயலாளர் இருப்பார், பள்ளிக் கல்வித்துறைச் செயலாளர் இருப்பார், இயக்குநர் இருப்பார். சங்கங்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பார்கள். முடிவு செய்யும் இடத்தில் ஆசிரியருக்கு நாற்காலி கிடையாது.

பகுதிநேர ஆசிரியர்கள் பாடு இதைவிட மோசம். 2012-இல் 5,000 ரூபாய்க்கு எடுத்த ஓவிய, உடற்கல்வி, தையல் ஆசிரியர்கள் பன்னிரண்டு வருஷம் கழித்து 12,500-க்கு வந்தார்கள். எங்கள் பள்ளியில் இருந்த ஓவிய ஆசிரியர் காலையில் பள்ளி, மாலையில் பேனர் எழுதும் வேலை என்று ஓடிக்கொண்டிருந்தார்.

அரசு ஊழியர் என்றால் பேரம் பேச முடியாது, அது அரசின் இறையாண்மையைப் பாதிக்கும் என்று சொல்பவர்கள் பெரம்பூருக்கு ஒரு நடை வந்து பார்க்க வேண்டும். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்களும் அரசு ஊழியர்கள்தான். ரயில்வேயில் 1952 முதல் நிரந்தரப் பேச்சுவார்த்தை அமைப்பு இருக்கிறது. கோட்டத்தில் தீராதது தலைமையகத்துக்குப் போகும், அங்கே தீராதது ரயில்வே வாரியத்துக்குப் போகும். எந்தச் சங்கம் பேச வேண்டும் என்பதைத் தொழிலாளர்கள் ரகசிய வாக்கெடுப்பில் முடிவு செய்கிறார்கள். கடைசியாக 2024 டிசம்பரில் நடந்தது. மத்திய அரசு ஊழியர்களுக்கு 1966 முதல் ஜே.சி.எம். என்னும் கூட்டு ஆலோசனை அமைப்பு. ஊதியம், படிகள், வார வேலை நேரம், விடுப்பு ஆகியவற்றில் உடன்பாடு வராவிட்டால் கட்டாய நடுவர் தீர்ப்புக்குப் போக அதில் வழி இருக்கிறது. அதில் குறைகள் நிறைய, முடிவுகளை இழுத்தடிப்பார்கள் என்று அந்த ஊழியர்களே சொல்வார்கள். ஆனால் வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் விதி அவர்களுக்கும் உண்டு, அதனோடு கூடவே மேசையும் உண்டு. எங்களுக்குத் தடை மட்டும்தான் இருக்கிறது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனெஸ்கோவும் சேர்ந்து ஆசிரியர் நிலை பற்றிய பரிந்துரையை 1966 அக்டோபர் 5 அன்று ஏற்றன. உலக ஆசிரியர் நாள் அந்தத் தேதியில்தான் வருகிறது. ஆசிரியரின் ஊதியமும் வேலை நிலைமையும் ஆசிரியர் அமைப்புகளோடு பேச்சுவார்த்தை நடத்தி முடிவாக வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. சங்கம் சேரும் உரிமை, கூட்டுப் பேர உரிமை பற்றிய 87, 98 எண் உடன்படிக்கைகளை இந்தியா இன்னும் ஏற்கவில்லை. நாங்கள் செப்டம்பர் 5-ஐத்தான் கொண்டாடுகிறோம். நல்லாசிரியர் விருது கொடுப்பார்கள், கைதட்டுவோம்.

சரி, பிள்ளைகள்? இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டுப் பேசுகிறவரை நான் நம்ப மாட்டேன். வடசென்னையில் பள்ளி ஒரு நாள் மூடினால் அந்த நாள் காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் போகிறது. அம்மா வீட்டுவேலைக்கும் அப்பா மீன்பிடித் துறைமுகத்துக்கும் போன பிறகு பிள்ளை தெருவில்தான். 2003-இல் என் வகுப்புப் பையன் ஒருவன் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டு, வேலையில் இல்லாத நிலையிலேயே அவன் வீட்டுக்குப் போய்ப் பேசி அனுப்பி வைத்தேன். இது தெரிந்ததால்தான் எந்த ஆசிரியரும் லேசான மனதோடு வேலைநிறுத்தத்துக்குப் போவதில்லை. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 2018-இல் நடந்ததைப் படித்தபோது எனக்கு அவர்கள் ரொம்ப நெருக்கமாகத் தெரிந்தார்கள். அங்கேயும் ஆசிரியருக்குப் பேர உரிமை இல்லை, வேலைநிறுத்தம் சட்டவிரோதம். 55 மாவட்டங்களிலும் பள்ளிகள் மூடின. அதற்கு முன்னால், பள்ளிச் சாப்பாட்டை நம்பி இருக்கும் பிள்ளைகளுக்கு ஆசிரியர்களே உணவுப் பொட்டலங்கள் கட்டிக் கொடுத்தார்கள். கடைசியில் 5 சதவீத உயர்வு, மாநில ஊழியர் எல்லாருக்கும்.

சிகாகோவில் ஆசிரியர் சங்கம் சட்டப்படி ஒப்பந்தம் போடும் சங்கம். 2019 அக்டோபரில் 11 பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம். அதில் அவர்கள் வாங்கியது சம்பள உயர்வு மட்டுமில்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு நர்ஸ், ஒரு சமூகப் பணியாளர், வகுப்பில் பிள்ளைகள் எண்ணிக்கைக்கு வரம்பு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். இதைத்தான் நம் ஊரில் யாரும் பேசுவதில்லை. கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். கணக்குக்குச் சரி. ஆனால் அந்த இரண்டு பேர் ஐந்து வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறார்கள். ஒருவர் விடுப்பில் போனால், பயிற்சிக்குப் போனால், தேர்தல் வேலைக்குப் போனால் மிச்சம் ஒருவர். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்று கேட்கும் இடம் பேர மேசை. அந்தக் கோரிக்கையில் பிள்ளையின் நலன் வேறு, ஆசிரியரின் நலன் வேறு இல்லை.

சட்டமாகக் கிடைத்தது சட்டமாகவே போகவும் போகலாம். விஸ்கான்சின் மாநிலம்தான் அமெரிக்காவில் பொதுத்துறை ஊழியருக்குப் பேர உரிமையை முதலில், 1959-இல், சட்டமாக்கியது. அதே மாநிலம் 2011-இல் அதைப் பிடுங்கி, அடிப்படைச் சம்பளத்தைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசக்கூடாது என்று சுருக்கியது. பட்ஜெட்டில் பணம் இல்லை என்பதுதான் அங்கே சொன்ன காரணம், இங்கேயும் எப்போதும் சொல்கிற காரணம். பணம் இல்லை என்றால் கணக்கை மேசையில் வையுங்கள் என்பதுதான் என் பதில். அப்பா காலத்துத் துறைமுகச் சங்கம் நிர்வாகத்தின் கணக்கைப் பார்த்துவிட்டுக் கோரிக்கையைக் குறைத்துக்கொண்ட வருஷமும் உண்டு. கூடப் படித்துப் பார்க்கச் சொன்னால் ஆசிரியர்களுக்குக் கணக்குப் புரியாதா?

எங்கள் சங்கங்களிடமும் எனக்கு வருத்தம் இருக்கிறது. பதவிப் பிரிவுக்கு ஒன்று, பாடத்துக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று என்று உடைந்து கிடக்கின்றன. பட்டதாரிக்கும் இடைநிலைக்கும் பதவி உயர்வுச் சண்டை. 2023 டிசம்பரில் அரசாணை 243 வந்து தொடக்கக் கல்வி ஆசிரியர்களின் பணிமூப்பு வரிசையை ஒன்றிய அளவிலிருந்து மாநில அளவுக்கு மாற்றியபோது, டிட்டோஜாக் எதிர்த்துப் போராடியது, வேறு சில சங்கங்கள் வரவேற்றன. யாரோடு பேசினால் யாரைக் கட்டுப்படுத்தும்? வடசென்னையிலேயே ஒரு தெருவில் மாநகராட்சிப் பள்ளி, அடுத்த தெருவில் ஆதிதிராவிடர் நலப் பள்ளி, அதற்கடுத்து அரசு உதவி பெறும் பள்ளி. மாநகராட்சி ஆசிரியருக்கு வேலை கொடுப்பது மாநகராட்சி, சம்பள விகிதம் அரசு சொல்வது. உதவி பெறும் பள்ளியில் நியமிப்பது நிர்வாகம், சம்பளம் அரசு தருவது. எதிர் நாற்காலியில் யார் உட்கார வேண்டும் என்பதே முதலில் தீர வேண்டிய கேள்வி. மேலவை இருந்த காலத்தில் ஆசிரியர் தொகுதி என்று ஒன்று இருந்தது, எங்கள் வாக்கில் போன ஒருவர் அங்கே பேசினார். 1986-இல் மேலவையோடு அதுவும் போனது.

ஆசிரியர்கள் எல்லாரும் ரகசிய வாக்களித்து யார் பேசுவது என்று முடிவு செய்ய வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில், 51 சதவீதத் தொழிலாளர்களின் ஆதரவு இருக்கும் சங்கமே பேச்சுவார்த்தைச் சங்கம். அப்படி ஒன்று இல்லாவிட்டால், 20 சதவீதம் இருக்கும் சங்கங்கள் சேர்ந்து பேச்சுவார்த்தைக் குழு. அந்தத் தொகுப்பின் தொழிலாளி வரையறையிலும் ஆசிரியருக்கு இடமில்லை. தொழிற்சங்கங்கள் அதை எதிர்க்கும் காரணங்களில் பலவற்றோடு நான் உடன்படுகிறேன். ஆனால் யாருக்கு எத்தனை ஆதரவு என்று வாக்கெடுப்பில் பார்த்துவிட்டுப் பேசும் முறை எங்களுக்கு அவசரமாகத் தேவை. மாநில அரசே தன் ஆசிரியர்களுக்கென்று ஜே.சி.எம். மாதிரி ஒரு சட்டம் கொண்டுவரலாம். கூட்டம் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, ஒப்புக்கொண்டதற்கு எத்தனை நாளில் அரசாணை, உடன்பாடு வராவிட்டால் எந்த நடுவர் என்ற மூன்றும் அதில் எழுதியிருந்தால் போதும், பாதிப் போராட்டங்கள் தேவைப்படாது.

என் மாணவி இப்போது தன் சங்கத்தின் பகுதிக் கூட்டத்துக்காகக் கோரிக்கைப் பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறாள். போன ஞாயிறு என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். முதலில் 3,170 இருந்தது. இரண்டாவதாக எமிஸ் வேலைக்குத் தனியாக ஓர் ஆள். மூன்றாவதாக, பணியில் இருப்பவர்களும் தகுதித் தேர்வு எழுத வேண்டும் என்ற 2025 செப்டம்பர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் கலங்கியிருக்கும் மூத்த ஆசிரியர்களுக்கு அரசுச் செலவில் பயிற்சியும் படிக்க விடுப்பும். அவள் தேர்வில் தேறியவள், அவளுக்கு அது வேண்டியதில்லை, இருந்தும் எழுதியிருந்தாள். நான்காவதும் ஐந்தாவதும் சேர்த்து ஒரே அறையில் நடத்துவதை நிறுத்த வேண்டும் என்பது கடைசி வரியில் இருந்தது. அதை முதல் வரிக்குக் கொண்டுவரச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “மத்தவங்களையும் கேட்டுட்டு மாத்துறேன் மிஸ்” என்றாள்.